கிளாராவின் மிஸ்டு கால்

என் நாத்தனார் கிளாரா எதையும் பாதியில் விடுகிறவள். இதை நான் புறணியாகச் சொல்லவில்லை, அவள் முகத்துக்கு நேராகவே பலமுறை சொல்லியிருக்கிறேன். தையல் பழகினாள், ஜாக்கெட்டுக்குக் கை வைக்கிற பாடம் வந்ததும் நின்றுவிட்டாள். கோயில் பாடற்குழுவில் வாசிக்கிறேன் என்று கீபோர்டு பழகினாள், ஒரு கிறிஸ்துமஸோடு அது முடிந்தது. இந்திப் பரீட்சைக்குப் பேர் கொடுத்துவிட்டு, பரீட்சை அன்று தலைவலி என்று போர்த்திப் படுத்துக்கொண்டாள். என் வீட்டுக்காரர் ஜெரோம் அவளுடைய கூடப்பிறந்த அண்ணன். தங்கச்சி புதிதாக எதையாவது கையில் எடுத்தாலே, "ஆரம்பிச்சுட்டாய்யா, ஆரம்ப சூரத்தனம்" என்பார். அவள் எழுந்து உள்ளே போய்விடுவாள். ஆனால் ஒன்றையாவது முழுசாக முடித்துக் காட்ட வேண்டும் என்று அவளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. அந்த வீட்டில் அவள் மனசு விட்டுப் பேசுகிற ஒரே ஆள் நான்தான், அதனால் எனக்குத் தெரியும்.

எங்கள் ஊர் திண்டுக்கல்லுக்குக் கிழக்கே, சாணார்பட்டிப் பக்கம். இங்கே தண்ணீர் என்பது மேல்நிலைத் தொட்டி நிறைந்து, ஆபரேட்டர் சோலைமுத்து அண்ணன் வால்வைத் திறந்தால் வருவது. மூன்று நாளிலும் வரும், ஆறு நாளானாலும் ஆகும். விடிந்ததிலிருந்து உச்சி வரைக்கும் எப்போது வேண்டுமானாலும் வரும். வீட்டுக்கு வீடு வாசலில் ஒரு குழாய் உண்டு. வந்தால் ஒரு மணி நேரம், அவ்வளவுதான். அந்த நேரம் வீட்டில் ஆள் இல்லையென்றால் குடம் காலி. ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் திறந்தால் என்ன என்று நானே சோலைமுத்து அண்ணனிடம் சண்டைக்குப் போயிருக்கிறேன்.

"சொன்னா வம்பு தங்கச்சி. மேலத் தெருவுக்கு மொதல்ல சொன்னா கீழத் தெரு சட்டையப் பிடிக்குது. யாருக்கும் சொல்லலேன்னா யாரும் கேக்க மாட்டாக பாரு" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

கிளாரா இன்ஜினியரிங் முடித்துவிட்டு, சாயந்திரம் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துக்கொண்டு வீட்டில்தான் இருந்தாள். அப்போது அவளோடு படித்த ரோஷனும் சத்யபிரியாவும் அவளை ஒரு ஹேக்கத்தானுக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். அப்படியென்றால் என்ன என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. ஒன்றரை நாள் ஒரே இடத்தில் உட்கார்ந்து, ஊர்ப் பிரச்சினை ஒன்றுக்கு வழி சொல்கிற மாதிரி ஒரு கருவியோ மென்பொருளோ செய்து காட்ட வேண்டுமாம். திண்டுக்கல்லில் ஒரு கல்லூரியில் நடந்தது. இந்த மூன்று பேரும் எங்கள் தெருத் தண்ணீரைத்தான் எடுத்துக்கொண்டார்கள். குழாய்க்குள் ஒரு சின்னச் சக்கரம். தண்ணீர் வந்தால் அது சுற்றும். சுற்றினால் கூடவே இருக்கிற பெட்டி, அதற்குள் போட்டிருக்கிற சிம் கார்டிலிருந்து தெருவில் எல்லார் போனுக்கும் ஒரு மிஸ்டு கால் கொடுக்கும். படிக்கத் தெரிய வேண்டாம், பட்டன் போன் போதும். மேடையில் ரோஷன் ஒரு கேனிலிருந்து குழாய்க்குள் தண்ணீரை ஊற்றினான். நடுவர் சட்டைப் பையில் போன் அடித்தது. கூட்டம் விசில் அடித்ததாம். இரண்டாம் பரிசு.

அன்றைக்கு மூன்று பேரும் ஒரு முடிவு எடுத்தார்கள். சூடு ஆறுவதற்குள் இதை நிஜக் குழாயில் ஓட விடுவது, அதற்காகச் சனிக்கிழமைதோறும் கூடுவது. கிளாரா வந்து சொன்னபோது எனக்கே நம்பிக்கை வந்தது, அப்படி ஒரு வெளிச்சம் அவள் முகத்தில்.

அப்புறம் பாருங்கள் நம் சனங்களின் வேலையை! முதல் சனிக்கிழமை அவர்கள் படித்த கல்லூரியில் பாராட்டு விழா. அடுத்த சனிக்கிழமை கோயில் இளையோர் குழு. அதற்கடுத்து வியாபாரிகள் சங்கம், அதற்கடுத்து கிளாரா எட்டாவது வரை படித்த பள்ளிக்கூடம். எங்கே போனாலும் ஒரு பொன்னாடை, ஒரு கேடயம், ஒரு கேசரித் தட்டு. செய்த காரியத்துக்குச் சால்வை போடலாம். செய்யப்போகிற காரியத்துக்கு இம்புட்டுச் சால்வையா? பெட்டியும் சக்கரமும் கட்டிலுக்கு அடியில் அட்டைப் பெட்டியில் கிடந்தன. சால்வைகளை நான்தான் மடித்து பீரோவில் அடுக்கினேன். கடைசிச் சால்வை வந்து சேர்ந்தபோது ரோஷனுக்குச் சென்னையில் வேலை கிடைத்துவிட்டது. சத்யபிரியா பாங்க் பரீட்சைக்குப் படிக்க மதுரைக்குப் போய்விட்டாள். சனிக்கிழமைக் கூட்டம் வீடியோ காலாக மாறியது. பிறகு அதுவும் போய், கிளாரா எது எழுதினாலும் வாட்ஸப்பில் இரண்டு கட்டைவிரல் மட்டும் வந்தது.

கதை அங்கேயே முடிந்திருக்கும். பெட்டி பரணுக்குப் போயிருக்கும், நானும் இதைச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன். கெடுத்தது என் வீட்டுக்காரர்தான். ஆரம்ப சூரத்தனம் என்று வாய் ஓயாமல் சொல்கிற அதே மனுஷன், தெரு முனையில் ஆளுயரத்துக்கு ஒரு பிளக்ஸ் வைத்தார். தெருவில் தண்ணீர் வந்தால் போன் அடிக்கும் கருவியைக் கண்டுபிடித்த எங்கள் வீட்டுத் தங்கமே, வாழ்க, வளர்க. தங்கம் ஒரு மூலையில் சின்னதாக நின்றாள். நடுவில் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு ஜெரோம் நின்றார்.

பிளக்ஸைப் பார்த்த பிறகு தெரு சும்மா இருக்குமா? பால் வாங்கப் போனால் ஒருத்தி, பூசைக்குப் போனால் ஒருத்தி, "எப்பத்தா மாட்டப்போற?" என்று கேட்டார்கள். வேறு வழியில்லாமல் கிளாரா பெட்டியை எடுத்தாள். சோலைமுத்து அண்ணனே முன்னால் நின்று, தெருவுக்குள் வரும் பெரிய குழாயில் சக்கரத்தை மாட்டி, பக்கத்துக் கம்பத்தில் பெட்டியைக் கட்டிக் கொடுத்தார். அவருக்கு ஏகச் சந்தோஷம். "மெஷினு சொன்னா எவனும் எஞ் சட்டையப் பிடிக்க மாட்டான்ல" என்றார்.

முதல் தடவை எல்லார் போனும் அடித்தது. குடத்தைத் தூக்கிக்கொண்டு தெருவே வாசலுக்கு ஓடியது. குழாயில் உஸ் என்று காற்றுத்தான் வந்தது. தண்ணீர் வருவதற்கு முன்னால் குழாய்க்குள் இருக்கிற காற்று வெளியே தள்ளிக்கொண்டு வரும் என்பதும், அதற்கும் அந்தச் சக்கரம் சுற்றும் என்பதும் கேனில் ஊற்றிக் காட்டியவர்களுக்கு எப்படித் தெரியும்? செத்த நேரம் நின்றார்கள், அப்புறம் உட்கார்ந்தார்கள். தண்ணீர் அரை மணி கழித்துத்தான் வந்தது. அடுத்த தடவை இன்னும் மோசம். காற்று வந்தது, கரண்டு போய்த் தொட்டி நிறையாததால் சோலைமுத்து அண்ணன் வால்வை மூடிவிட்டார், தண்ணீர் வரவே இல்லை.

"காத்தடிச்சாலும் கால் பண்ணுதே உம் மெஷினு" என்று சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை, ஆனாலும் சிரித்தார்கள். ராத்திரிச் சாப்பாட்டில் ஜெரோம், "போஸ்டரக் கழட்டிரவா?" என்று கேட்டார். கிளாரா பாதித் தோசையோடு எழுந்து போனாள்.

மூன்றாவது தடவை மெஷின் சரியாகச் சொன்னது. போன் அடித்தது, போனோம், தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. அதற்கடுத்த தடவையும் அப்படியே. தெரு அசந்துவிட்டது. நானும்தான் அசந்தேன், கிளாராவின் அறைக்குத் துணி மடித்துக்கொண்டு போன அந்தக் காலை வரைக்கும்.

எங்கள் வீடுதான் அந்தக் குழாய் வரிசையில் முதல் வீடு. அவள் ஜன்னலுக்கு வெளியேதான் எங்கள் குழாய். அதைத் திறந்து வைத்து, அடியில் ஒரு அலுமினியச் சட்டியைக் கவிழ்த்திருந்தாள். தண்ணீர் விழுந்து சட்டி சத்தம் போட, அவள் பழைய போன் ஒன்றை வைத்துக்கொண்டு ஒவ்வொரு நம்பராக அழைத்து அழைத்துக் கட் பண்ணிக்கொண்டிருந்தாள். மெஷினுக்குள் இருக்க வேண்டிய சிம் அந்தப் போனில் இருந்தது.

"அடிப்பாவி! நீதானா அது?"

அவள் உதட்டில் விரலை வைத்தாள். "செத்த இருங்க மதினி, இன்னும் நாலு வீடு இருக்கு." தெருக்கோடியிலிருந்து ஆரம்பித்து வருகிறாள், கோடி வீட்டுக்குத்தான் தண்ணீர் சீக்கிரம் நிற்கும் என்று. முடித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மெஷின் சரியாகுற வரைக்கும்தான். ஒரு வாரம். யார்ட்டயும் சொல்லிராதீங்க."

ஒரு வாரம் மழைக்காலம் ஆகி, மழைக்காலம் பொங்கல் ஆனது. எப்படி முடியும்? ஓடாத மெஷினை ஓட வைக்கலாம். ஓடுவதாக ஊரே நம்புகிற மெஷினில் யார் கை வைப்பார்கள்? அவளும் பெட்டியைத் திறந்து பார்ப்பாள், ஒரு ஒயரைப் பிடுங்குவாள், மறுபடி சொருகுவாள். அதற்குள் சட்டி சத்தம் போடும். திண்டுக்கல்லில் ஒரு கம்பெனியில் வேலைக்குக் கூப்பிட்டார்கள். தூரம் என்று வீட்டில் காரணம் சொல்லி வேண்டாம் என்றுவிட்டாள். பஸ் ஏறினால் திண்டுக்கல் என்ன சீமையா? ஒரு குழாய்க்குக் காவல் கிடப்பதற்காக வந்த வேலையை விட்டவளை என்னவென்று சொல்வது! எனக்கு எரிச்சல்தான் வந்தது. கேட்டால், "நான் போயிட்டா யாரு கூப்பிடுவா மதினி?" என்பாள். ஜெரோமோ, பரவாயில்லையே, தங்கச்சி ஒன்றை முடித்துவிட்டாளே என்று ஊரெல்லாம் பெருமை அடித்துக்கொண்டிருந்தார். அந்தப் பெருமைதான் அவளை அதிகம் குத்தியது. அவர் பேச ஆரம்பித்தால் அவள் எழுந்து போய்விடுவாள், முன்பு கிண்டலுக்கு எழுந்து போன மாதிரியே.

தெருக்கோடியில் இசைவாணி வீடு. தண்ணீருக்குக் காத்துக் கிடந்து கிடந்து, சாணார்பட்டியில் கார்மென்ட்ஸ் தையல் வேலைக்கு வாரத்தில் பாதி நாள் போக முடியாமல் இருந்தவள். மெஷின் வந்த பிறகு தினமும் போனாள். போன் அடித்தால் சூப்பர்வைசரிடம் கேட்டுக்கொண்டு, ஸ்கூட்டியில் பறந்து வந்து பிடித்து வைத்துவிட்டுத் திரும்புவாள். அவள் மாமனார் பக்கவாதத்தில் படுத்த படுக்கை. அவள் வீட்டுக்கு மற்ற வீடுகளைவிட அதிகத் தண்ணீர் வேண்டும்.

ஆயக்குடியில் என் அக்கா மகளுக்குப் புதுநன்மை, அதாவது கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்குகிற விழா வந்தது. வீட்டோடு கிளம்பினோம். முந்தின நாள்தான் தண்ணீர் வந்திருந்தது, இனி மூன்று நாளைக்குக் கவலையில்லை என்று கிளாராவும் நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்தாள். கோயில், விருந்து, போட்டோ, கொய்யாத் தோட்டத்தில் ஒரு சுற்று என்று நன்றாகப் பொழுது போனது. இரண்டு பை கொய்யாப்பழத்தோடு திரும்பினோம். மறுநாளிலிருந்து ஏதோ பைப்லைன் வேலை, நாலைந்து நாளைக்குத் தண்ணீர் இருக்காது என்று, சோலைமுத்து அண்ணன் அன்றைக்கே இன்னொரு தடவை திறந்துவிட்டிருக்கிறார். வீட்டில் இருந்தவர்கள் பிடித்துக்கொண்டார்கள். யார் போனும் அடிக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து இசைவாணி வந்தாள். தோட்டத்துக் கிணற்றிலிருந்து சுமந்து சுமந்து கழுத்தைத் திருப்ப முடியாமல் வந்தாள். சண்டைக்கு வந்திருந்தால் நான் பேசிக்கொள்வேன், எனக்கு அது வரும். அவள் சண்டை போடவில்லை.

"மெஷினுக்கு என்னத்தா ஆச்சு? அடிக்கும் அடிக்கும்னு போன மடியிலயே வச்சுத் தச்சுட்டு இருந்தேன்" என்றாள். "மாமாவக் கழுவி விடக்கூடத் தண்ணி இல்ல கிளாரா. ஈரத்துணிய வச்சுத் தொடச்சு விட்டேன். பாவம், அவரு அழுதுட்டாரு."

இசைவாணி போன பிறகு கிளாரா சுவரோரமாக உட்கார்ந்துவிட்டாள். "உண்மையச் சொல்லிரவா மதினி?" என்றாள்.

"சொல்லு. சொல்லிட்டு நாளைக்கு எங்க போவ? சொல்லலேன்னா அடுத்த புதுநன்மைக்கும் நீ வீட்லயே கெட. செத்துப்போனா குழாயடியிலயே பொதைக்கிறோம்" என்றேன். கோபத்தில் வந்த பேச்சுத்தான். ஆனால் அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

அன்றைக்குச் சாயந்திரம் ரோஷனுக்குப் போன் போட்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

"கிளாரா, நமக்குப் பிரைஸ் குடுத்தது ஐடியாவுக்கு. அது வேலை செய்யணும்னு அங்க யாருமே கேக்கலையே" என்றான் அவன்.

"இங்க தெருவே கேக்குதுல. சும்மா கட்டைவிரல் அனுப்பாத. அந்த புரோகிராம்ல எதை மாத்தணும்னு சொல்லு, இல்ல போன வையி."

அவன் போனை வைக்கவில்லை. அதை அவனுக்காகச் சொல்லியாக வேண்டும். சத்யபிரியாவும் படிப்புக்கு நடுவில் அப்பப்போ வந்து பேசினாள். ஆனால் குழாயடியில் நின்றவள் இவள் ஒருத்திதான்.

என்ன செய்தாள் என்று நுணுக்கமாகக் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. சக்கரத்தைத் தூக்கிப் போட்டாள், அது மட்டும் தெரியும். காற்று எதையும் சுற்ற வைக்கும், ஆனால் நனைக்காது என்றாள். குழாயிலிருந்து மேல்நோக்கி ஒரு சின்னக் கிளையை எடுத்து, அதன் உச்சியில் துருப்பிடிக்காத திருகாணி இரண்டை எதிரும் புதிருமாக வைத்தாள். தண்ணீர் அதுவரை ஏறி இரண்டையும் சேர்த்துத் தொட்டால்தான் பெட்டிக்கு உயிர் வரும். முதலில் ஒட்டிக்கொண்டிருந்த ஈரத்துக்கே அடித்தது. பிறகு உப்புப் பூத்து, தண்ணீர் வந்தும் அடிக்காமல் கிடந்தது. ஒவ்வொன்றுக்கும் அடுத்த தண்ணீர் வரும் வரை நாள் கணக்கில் காத்திருக்க வேண்டும், அதுதான் கொடுமை. ஒன்றரை நாளில் கைதட்டல் வாங்கிய பெட்டிக்கு இங்கே ஒரு திருகாணியைச் சரி செய்ய ஒரு வாரம் ஆனது. முன்பென்றால் இந்நேரம் தலைவலி என்று போர்த்திக்கொண்டிருப்பாள். இந்தத் தடவை வாயைத் திறக்காமல் மறுபடி மறுபடி பிரித்தாள்.

தெருவை அவள் மெஷினை நம்பி விடவில்லை. பெட்டிக்குள் வேறொரு சிம் போட்டு, அவள் போனுக்கு மட்டும் அடிக்கிற மாதிரி வைத்தாள். சட்டி சத்தம் போட்டதும் வழக்கம்போல எல்லாருக்கும் கையால் மிஸ்டு கால். பெட்டி தன் போனுக்கு அடித்ததா, எப்போது அடித்தது என்று தனியாகப் பார்த்துக்கொள்வாள். சட்டியும் பெட்டியும் தொடர்ந்து ஒன்றாகச் சொல்ல ஆரம்பித்த பிறகுதான், பழைய போனிலிருந்து தெருவின் சிம்மை எடுத்துப் பெட்டிக்குள் போட்டாள். என்னிடம்கூடச் சொல்லவில்லை.

தவக்காலத்தில் ஒரு காலை. சமையல்கட்டில் எனக்கு எதிரே உட்கார்ந்து கிளாரா இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள், வெஞ்சனம் தக்காளிச் சட்னி. அவள் ஒரு கை தட்டில், ஒரு கை டம்ளரில். என் போன் அடித்து நின்றது. எடுத்துப் பார்த்தேன், மெஷின் நம்பர். அவளைப் பார்த்தேன். அவள் இரண்டு கையையும் பார்த்தேன். வெளியே சட்டி இல்லை, எப்போதோ எடுத்துவிட்டிருக்கிறாள். குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. தெருவில் ஒவ்வொரு கதவாகத் திறந்தது, குடங்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு வந்தன.

"ஏ புள்ள…" என்றேன். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். கண்ணில் தண்ணீர் நின்றது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போனது, அதை மறைக்க மாட்டேன். தெருவில் ஓடிப்போய், முடித்துவிட்டாள், எங்கள் கிளாரா முடித்துவிட்டாள் என்று கத்த வேண்டும் போல் இருந்தது.

ஜெரோம் பல் விளக்கிக்கொண்டு வந்தார். "மெஷின் அடிச்சிருச்சுங்க" என்றேன். "அதான் எப்பவும் அடிக்குதே, குடத்த எடு" என்று வாய் கொப்புளிக்கப் போனார்.

வாசல் குழாயடிக்குப் போனோம். இசைவாணி அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை போல, தெருக்கோடியிலிருந்து ஓடி வந்தாள். "கிளாரா, மெஷினச் செத்த பாருத்தா" என்றாள். "முந்தியெல்லாம் நாம வெளிய வரலேன்னா இன்னொரு தடவ அடிக்கும். இன்னைக்கு ஒரு தடவையோட விட்டுருச்சு. பழைய மாதிரி இல்ல."

இன்னொரு தடவை அடித்தது கிளாரா. தெருவில் எந்தக் கதவு திறக்கவில்லை என்று ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, அந்த வீட்டுக்கு மட்டும் மறுபடி அடித்திருக்கிறாள். இத்தனை மாதத்தில் எனக்கே அது தெரியாது.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. வாயைத் திறந்துவிட்டேன். கிளாரா என் முழங்கையை இறுக்கிப் பிடித்தாள். "சரி பண்ணிர்றேன்க்கா" என்று இசைவாணியிடம் சொல்லிவிட்டு, என் காதோரம் வந்தாள். "சொல்லிராதீங்க மதினி. இன்னைக்குத்தான் ஓடுதுன்னு சொன்னா, இம்புட்டு நாளா ஓடுனது எதுன்னு கேப்பாங்க."

எங்கள் வீட்டுக் குடங்களை வரிசையாக வைத்தேன். அவள் உள்ளே போனாள். நான் தண்ணீரைப் பிடித்து ஊற்றிவிட்டுப் போய்ப் பார்த்தபோது, ஜன்னலைச் சாத்திவிட்டுக் கட்டிலில் குப்புறப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். மாமியார் வாசலில் நின்று, "தண்ணி வர்ற நேரத்துல வயசுப் புள்ள இப்பிடியா தூங்கும்?" என்று சத்தம் போட்டார்.

"தூங்கட்டும் அத்தை" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.